புளி மூடையில் வண்டு எங்கிருந்து வருகிறது?

மூடையைப் பிரித்ததும் வண்டு ஊர்ந்தால் அது யார் பொறுப்பு? சரக்கு கொடுத்தவர் பொறுப்பா, வாங்கி அடுக்கி வைத்தவர் பொறுப்பா? நம் தொழிலில் இதைப்போல் பழைய வழக்கு வேறு இல்லை. மொத்தக் கடைக்காரர் "போகும்போது சுத்தமாகப் போனது" என்பார். சில்லறைக் கடைக்காரர் "வரும்போதே இருந்தது" என்பார். இரண்டு பேரும் மனதறியப் பொய் சொல்வதில்லை. இடையில் ஒருவன் இருக்கிறான். அவன் காட்டில் பிறந்தவன், மரத்தில் வளர்ந்தவன். அவனைப் பற்றித்தான் வணிக அன்பர்களுக்கு இங்கே எழுதுகிறோம்.

தோவாளை என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குப் பூச்சந்தைதான் முதலில் ஞாபகம் வரும். விடியுமுன் பிச்சியும் மல்லியும் அரளியும் வந்து குவிந்து, வெயில் ஏறுமுன் விற்றுப் போகும். பூ வியாபாரிக்கு வண்டுக் கவலை கிடையாது, அவர் சரக்கு ஒருநாள் சரக்கு. நாங்கள் அண்ணன் தம்பி இருவரும் பார்ப்பது அப்பா விட்டுப்போன பலசரக்கு மொத்த வியாபாரம். புளி, மிளகாய், கடலை, பயறு வகைகள் எல்லாம் மாதக்கணக்கில் கிட்டங்கியில் கிடந்து காசாக வேண்டிய சரக்குகள்.

எங்கள் ஊரின் அமைப்பையும் சொல்லிவிட வேண்டும். மேற்கே பார்த்தால் நாஞ்சில் நாட்டு வயலும் தென்னையும். கிழக்கே ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டி முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி என்று போனால் மண் மாறிவிடும். உடை மரமும் கருவேலமும் சீமைக்கருவேலமும்தான் அங்கே கண்ணுக்குத் தெரியும். சாலையோரம் பழைய புளிய மரங்கள். நான்கும் பார்வைக்கு வேறு வேறு. ஆனால் எல்லாம் நெற்றுக் காய்க்கிற ஒரே குலத்து மரங்கள். அவரையும் பயறும் நிலக்கடலையும்கூட அந்தக் குலம்தான். இந்த உறவு எங்களுக்கு நாற்பது வருட வியாபாரத்தில் தெரியாது. தெரிய வந்ததற்கு ஒரு நல்ல வாடிக்கையாளரை விலையாகக் கொடுத்தோம்.

2012-ம் ஆண்டு. மாசிக் கடைசியில் கொட்டைப்புளி மலிவாக வந்தது. ஓடு முழுதாக உரிக்காத, கொட்டை எடுக்காத புளி. ஆள் வைத்துக் கொட்டை எடுத்தால் கிலோவுக்கு லாபம் நிற்கும் என்று கணக்குப் போட்டு வாங்கி அடுக்கினோம். ஆள் கிடைக்கவில்லை, புளி அப்படியே கிடந்தது. சித்திரை ஆரம்பத்தில் தோடு உடைக்காத நிலக்கடலை லோடு வந்தது. இடம் போதாமல் புளி அட்டியை ஒட்டியே கடலை அட்டியையும் போட்டோம். வைகாசிக் கடைசியில் ஆரல்வாய்மொழிக்கு அப்பால் ஒரு கிராமத்துக் கடைக்காரர் எட்டு மூடை கடலை எடுத்தார். இருபது வருடப் பழக்கம். எங்களைவிடப் பத்து வயது இளையவர். நிலுவையைத் தவணை தவறாமல் தீர்ப்பவர்.

இருபது நாள் கழித்து ஒரு மூடையை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார்.

"அண்ணாச்சி, கடலை பூராவும் ஓட்டை. நீங்களே பாருங்க" என்றார்.

பார்த்தோம். ஊசிக்குத்து அல்ல, தோட்டில் குண்டூசித் தலையைவிடப் பெரிதாக வட்டமாகத் துளை. உள்ளே பருப்பு இருந்த இடத்தில் மாவு. நாங்கள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சொன்னது இதுதான்: "இங்கேயிருந்து போகும்போது சரக்கு சுத்தமாத்தான் போச்சு. உம்ம கடையில பழைய பயறு ஏதாவது கிடந்திருக்கும். கடையைக் கூட்டிப் பெருக்கி வையும்."

கடையில் அப்போது நாலைந்து பேர் நின்றார்கள். அவர் பதில் பேசவில்லை. மூடையை அங்கேயே விட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணி, அன்றுவரை இருந்த நிலுவை முழுவதையும் கல்லாவில் வைத்துவிட்டுப் போனார்.

ஆடியில் சுண்ணாம்பு அடிப்பதற்காகக் கிட்டங்கியைக் காலி செய்தோம். புளி அட்டியின் கடைசி மூடையைத் தூக்கியதும் அடிப்பலகை முழுவதும் வெள்ளையாக ஏதோ ஒட்டிக் கிடந்தது. பூஞ்சணம் என்று நினைத்துச் சுரண்டினால், ஒவ்வொன்றும் அரிசிப் பொரி அளவில் காகிதம் போன்ற கூடு. புளிப் பக்கத்துப் பலகையிலும் இருந்தது, கடலைப் பக்கத்துப் பலகையிலும் இருந்தது, இரண்டு அட்டிக்கும் நடுவிலுள்ள இடுக்கில் கைகொண்டு அள்ளும் அளவுக்கு இருந்தது. ஒரு கூட்டைப் பிய்த்தால் உள்ளே சாம்பல் கலந்த பழுப்பு நிற வண்டு. கடலை எங்கே கெட்டது என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை.

வண்டையும் கூட்டையும் ஒரு பாட்டிலில் போட்டுக்கொண்டு பக்கத்துத் திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனோம். அது நெல்லுக்குப் பெயர் போன இடம். ஆனாலும் பூச்சி படித்த ஒருவர் பொறுமையாகப் பூதக்கண்ணாடியில் காட்டினார். பின்கால் தொடை மட்டும் வெட்டுக்கிளி போலப் பருத்து, அதன் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி முள் வரிசை. இதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பெயர் கேரிடான் செர்ராட்டஸ். நிலக்கடலை வண்டு என்றும், புளி வண்டு என்றும் சொல்வார்கள். நீளம் அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பயற்று வண்டைவிட ஏறக்குறைய இருமடங்கு பெரியது. பகலில் இடுக்கில் பதுங்கி, இருட்டியபின் நடமாடுவதால் கடைக்காரர் கண்ணில் சுலபமாகப் படாது.

வாழ்க்கை முறை இப்படி. தாய் வண்டு நெற்றின் மேல்தோட்டில் முட்டையைப் பசை வைத்து ஒட்டுகிறது. முட்டைக்கு அடியிலிருந்தே புழு தோட்டைத் துளைத்து உள்ளே போய்விடும், ஆகவே மேலே வாசல் தெரியாது. உள்ளே கொட்டையைத் தின்று கொழுத்தபின் தோட்டை வட்டமாக வெட்டிக்கொண்டு வெளியே வந்து கூடு கட்டும். சில அங்கேயே பாதி உள்ளும் பாதி வெளியுமாகக் கட்டும். பல கீழே இறங்கி மூடை அடியில் கட்டும். முட்டையிலிருந்து வண்டாக வெயில் காலத்தில் சுமார் ஆறு வாரம். நாங்கள் சித்திரையில் அடுக்கியதையும் வைகாசிக் கடைசியில் விற்றதையும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் கடைக்குப் போனபோது கடலைக்குள்ளேயே புழு இருந்தது. தோட்டுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. "சுத்தமாகப் போனது" என்று நாங்கள் சொன்னது கண்ணுக்குத் தெரிந்த மட்டில் உண்மை, அவ்வளவே.

முழுத் தோட்டோடு இருக்கிற நிலக்கடலையைத் துளைத்து உள்ளே போகிற சேமிப்புப் பூச்சி இது ஒன்றுதான் என்கிறார்கள். மற்றவை உடைந்த தோட்டுக்கும் உரித்த பருப்புக்கும் காத்திருக்கும். இதற்கு அந்த வலு எப்படி வந்தது என்றால், இது பிறவியில் கடலைக்கு உரிய பூச்சியே அல்ல. கல் போன்ற புளியங்கொட்டையையும் வேலங்கொட்டையையும் தின்று பழகிய பல் அது. கருவேலம், சீமைக்கருவேலம், புளி, சரக்கொன்றை, மந்தாரை வகைகள் என்று காய்ந்த நிலத்து நெற்று மரங்கள்தான் அதன் சொந்த வீடு. நிலக்கடலை தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர். ஆசியாவிலிருந்து போன வண்டும் தென்னமெரிக்காவிலிருந்து போன கடலையும் மேற்கு ஆப்பிரிக்காவில் சந்தித்துக் கொண்டன. செனகல் நாட்டில் நூறு வருடத்துக்கு முன்பே கடலைக் கிடங்குகளில் இந்த வண்டைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே பறித்த கடலையை வயலிலேயே குவித்துக் காயப்போடுவார்கள். பக்கத்தில் நிற்கும் காட்டு மரங்களின் நெற்றிலிருந்து வண்டு இறங்கி வந்து குவியலில் முட்டை வைத்துவிடும். வியாபாரி வாங்கும்போது வினை ஏற்கெனவே மூடைக்குள் இருக்கும்.

இந்த வண்டின் சொந்தபந்தம் பெரிது. கொட்டை தின்னும் இந்த வண்டு வகையில் உலகம் முழுவதும் 1,600-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டாம். அரிசியில் வருகிற மூக்கு நீண்ட வண்டோடு இவற்றைச் சேர்க்கக் கூடாது. இவை இலை தின்னும் வண்டுகளின் குடும்பத்தில் ஒரு கிளை. பெரும்பாலானவை நெற்று மரங்களையும் கொடிகளையும் நம்பிப் பிழைப்பவை, பாலைவனத்து வேல மரங்களில் ஏராளம். மழை குறைந்த இடத்தில் இலையும் பூவும் நிச்சயம் இல்லை. ஆனால் கொட்டைக்குள் மரம் தன் குட்டிக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு இருக்கிறது. அதைத் தின்னத் தெரிந்தவனுக்குத் தண்ணீர்கூட வேண்டாம். கடையில் நாம் காண்பதும் அதேதான். காய்ந்த பயற்றுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகப் பெருகுகிறதே! நம் கிட்டங்கி அதற்கு ஒரு சின்னப் பாலைவனம், அதுவும் நிழலுள்ள பாலைவனம்.

சீமைக்கருவேலம் பற்றி ஒரு வார்த்தை. இது நம் நாட்டு மரம் அல்ல. அமெரிக்கக் கண்டத்து வறண்ட நிலத்து மரம். 1877-ம் ஆண்டு வாக்கில் விதை வரவழைத்து அப்போதைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பக்கம் விதைத்ததாகச் சொல்கிறார்கள். விறகுக்கு என்று வந்தது, கண்மாயை எல்லாம் பிடித்துக்கொண்டது. 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி மாவட்டந்தோறும் வெட்டும் வேலை நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். பின்னர் 2022-ல் தமிழக அரசு அந்நியச் செடிகளை அகற்ற ஒரு கொள்கையே வெளியிட்டது. இந்த மரத்தின் மஞ்சள் நெற்று இனிப்பாக இருக்கும். ஆடு விரும்பித் தின்னும், கொட்டையை மெல்லாமல் புழுக்கையோடு வெளியே போடும், அது முளைக்கும்.

தென்னாப்பிரிக்காவிலும் இதே தொல்லை. அங்கே ஆட்டுக்கும் மாட்டுக்கும் நெற்று வேண்டும், மரம் மட்டும் பரவக்கூடாது என்று ஒரு பிரிவினர் கேட்டார்கள். ஆகவே மரத்தைத் தொடாமல் கொட்டையை மட்டும் தின்னுகிற ஒரு வண்டை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து 1987-ல் காட்டில் விட்டார்கள். அல்காரோபியஸ் என்று பெயர், நம் புளி வண்டின் ஒன்றுவிட்ட சகோதரன். நம்மிடம் திருடனாக இருப்பவன் அங்கே அரசாங்க உத்தியோகஸ்தன்! ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு மரம் குறையவில்லை. வண்டு முட்டை வைத்து வேலையை முடிக்குமுன் கால்நடைகள் நெற்றைத் தின்றுவிடுகின்றன என்பது ஒரு காரணம்.

இதைக் கேட்டதும் எங்களுக்குச் சுருக்கென்றது. எங்கள் கிட்டங்கியின் பின்சுவரை ஒட்டி ஒரு ஆட்டுக்கிடை. வெயில் காலத்தில் ஆட்டுக்காரர் கருவேல நெற்றையும் சீமை நெற்றையும் சாக்குச் சாக்காகப் பொறுக்கிச் சுவர் ஓரம் அடுக்கி வைப்பார். மழைக்கு நனையாமல் இருக்கட்டும் என்று எங்கள் தாழ்வாரத்திலேயே இடம் கொடுத்திருந்தோம். அந்த நெற்றை ஒருநாள் சுளகில் கொட்டிப் பார்த்தோம். பத்தில் மூன்று நாலு துளை விழுந்தது. மேலே சுவரில் காற்று வர வைத்த ஜன்னலுக்கு வலை கிடையாது. ஆக, புளியோடு வந்தது பாதி, ஜன்னல் வழியாக வந்தது பாதி என்று வைத்துக்கொள்ளலாம். ஆட்டுக்காரர் மேல் குற்றம் இல்லை, இடம் கொடுத்தது நாங்கள்.

இப்போது என்ன செய்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். கொட்டைப்புளியை வாங்கினால் பங்குனிக்குள் கொட்டை எடுத்துவிடுவது. ஆள் கிடைக்காவிட்டால் வாங்குவதே இல்லை. கொட்டை எடுத்துத் தட்டிய புளியில் இந்த வண்டு பெருக வழி கிடையாது, அதற்குத் தின்னக் கொட்டை வேண்டும். (தட்டிய புளியில் வரும் அந்து வேறு கதை.) எடுத்த கொட்டையை மாவு ஆலைக்காரர் வரட்டும் என்று மூலையில் குவித்து வைப்பவர்கள் உண்டு. அது வண்டுக்குப் பந்தி போட்டு வைப்பதற்குச் சமம், வாரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். புளியும் தோட்டுக்கடலையும் ஒரே கூரைக்கு அடியில் வைப்பதில்லை. கடலை வாங்கும்போது நாலு மூடையில் குத்தூசி போடாமல் இரண்டு மூடையையாவது அடிவரை கொட்டிப் பார்க்கிறோம். ஏனென்றால் கூடு இருப்பது அடியில். குத்தூசிக்கு வருவது நடுவில் உள்ள நல்ல சரக்கு. காலி சாக்கையும் உதறிப் பார்த்து வெயிலில் போட்டபின்தான் மறுபடி எடுப்பது. பழைய சாக்கின் மடிப்பில் கூடு ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும்.

பயறு வகைகளுக்குக் கணக்கு வேறு. சிறுபயறு, பெரும்பயறு, உளுந்து, துவரை இவற்றில் வருவது சின்ன வண்டு, அதே பெரிய குடும்பத்தின் வேறு கிளை. இது வயலில் நெற்று முற்றும்போதே பறந்து வந்து முட்டை வைத்துவிடும். மூன்று நாலு வாரத்தில் ஒரு தலைமுறை முடியும். வாங்கும்போது ஒரு கைப்பிடி பயற்றை வெளிச்சத்தில் பிடித்தால் கடுகில் கால்பங்கு அளவுக்கு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருப்பது தெரியும். அதுதான் முட்டை. புள்ளி இருந்தால் இன்று வண்டு இல்லை என்று மகிழ வேண்டாம், அடுத்த மாதம் உண்டு. முழுப்பயறாக வைக்காமல் உடைத்துப் பருப்பாக்கினால் தொல்லை வெகுவாகக் குறையும். நம் பாட்டிமார் துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்து உடைத்தது சும்மா இல்லை. வீட்டுக்கு வாங்கிப்போகிறவர்களுக்குக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் புரட்டி வைக்கச் சொல்லலாம், முட்டை மூச்சடைத்துப் போகும்.

வெயிலை நாம் சரியாகப் பயன்படுத்துவதில்லை. வெறும் தரையில் பரப்பினால் வண்டு பறந்துபோய் மாலையில் திரும்பி வரும். கறுப்பு பாலிதீன் விரிப்பில் பயற்றைச் சன்னமாகப் பரப்பி, மேலே நிறமில்லாத பாலிதீன் மூடி, ஓரங்களைக் கல் வைத்து அழுத்திவிட்டால் நடுப்பகலில் உள்ளே அறுபது டிகிரிக்கு மேல் ஏறும். புழு, முட்டை, வண்டு எல்லாம் அதிலேயே சாகும். எங்கள் ஊரில் ஆடிக்காற்று அடிக்கும் காலத்தில் இது நடக்காது. விரிப்பு முப்பந்தல் காற்றாலைக்கே போய்விடும். மாசி முதல் சித்திரை வரை செய்யலாம்.

கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் தானியத்துக்குள் செருகி வைக்கிற பூச்சிப் பொறிகள் செய்திருக்கிறார்கள். துளைபோட்ட குழாய், கீழே கூம்பு. உள்ளே நுழைந்த வண்டு மேலே ஏற முடியாமல் விழுந்து கிடக்கும். மேற்பரப்பில் ஊர்கிற பயற்று வண்டுக்கென்றே தனி மாதிரியும் உண்டு. இது வண்டை ஒழிக்கும் கருவி என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். வண்டு வந்திருக்கிறதா என்று முன்கூட்டிச் சொல்லும் காவல்காரன் என்று நினைத்தால் காசுக்கு மோசமில்லை. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் ஆப்பிரிக்கப் பெரும்பயற்றுக்காக 1980-களின் கடைசியில் கேமரூன் நாட்டில் ஆரம்பித்த வேலையிலிருந்து மூன்றடுக்குச் சாக்கு வந்தது. இரண்டு பாலிதீன் பை, வெளியே ஒரு நெய்த சாக்கு. காற்றுப் புகாமல் கட்டினால் உள்ளிருக்கும் காற்றை வண்டே மூச்சுவிட்டுத் தீர்த்து, பின் தானே அடங்கிவிடும். மருந்தே இல்லை.

மருந்து என்றதும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஞாபகம் வரும். அதை யாரும் கடையில் வாங்கிப் பொட்டலம் கட்டி மூடைக்குள் போடக்கூடாது. அனுமதி பெற்ற பூச்சி ஒழிப்பாளர்தான் அதைக் கையாளலாம் என்பது சட்டம். கிட்டங்கிக்கு மேல்மாடியிலோ பக்கத்து அறையிலோ ஆள் படுத்திருந்தால் அந்தப் புகை ஆளையே கொன்றுவிடும். நம்மில் பலருக்குக் கடையும் வீடும் ஒரே சுவர்தான் என்பதை மறக்க வேண்டாம்.

சட்டத்தின் பக்கமும் கவனம் வேண்டும். பழைய 1954-ம் ஆண்டுக் கலப்படத் தடைச் சட்டத்தின் இடத்தில் 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. புழு, வண்டு அடித்த உணவுப் பொருளைப் பாதுகாப்பற்ற உணவு என்றே அது சொல்கிறது. அதிகாரி மாதிரி எடுப்பது பெரும்பாலும் சில்லறைக் கடையில். மரத்தில் தொடங்கி, எங்களைப் போன்றோர் கிட்டங்கியில் பெருகிய வண்டுக்கு, கடைசியில் பெட்டிக்கடைக்காரர் கூண்டில் நிற்க நேரும். ஆகவே சில்லறை அன்பர்கள் பில் இல்லாமல் சரக்கு எடுக்க வேண்டாம். பிரிக்கும்போதே துளையோ கூடோ கண்டால் அன்றைக்கே சொல்லி, மூடையை அப்படியே தனியே வைத்துவிடுங்கள். மொத்த வியாபாரிகள் வாய் திறக்குமுன் தங்கள் அட்டியின் அடிப்பலகையைத் தூக்கிப் பார்க்கட்டும்.

அந்தக் கடைக்காரரை ஆவணி முதல் வாரத்தில் நாங்கள் இருவரும் நேரில் போய்ப் பார்த்தோம். எட்டு மூடைக்கான பணத்தைக் கொண்டுபோனோம். கூடு ஒட்டிய பலகைத் துண்டு ஒன்றையும் எடுத்துப் போயிருந்தோம். அவர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அஞ்சு மூடைதான் அண்ணாச்சி கெட்டது. மூணு வித்துட்டேன்" என்று சொல்லி ஐந்து மூடைக்கு மட்டும் பணம் எடுத்துக்கொண்டார். காப்பி வாங்கிக் கொடுத்தார். பிறகு மிளகாயும் மல்லியும் எங்களிடம் எடுக்கத் தொடங்கினார், இன்றும் எடுக்கிறார். கடலை மட்டும் வள்ளியூரில் வாங்குகிறார். நாங்கள் கேட்டதில்லை.